காகிதமா, திரையா: கணக்கை யார் எழுதுகிறார்கள்?

பார்க்-எக்ஸ்டென்ஷனில் நடந்த எமது கடந்த மாத வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். சற்றுச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு வழக்கை வந்த இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.



எனக்குத் தந்த கேள்வி சின்னது. நாங்கள் துண்டுப்பிரசுரம் அச்சடிக்கிறதை நிறுத்த வேணுமா? போன கூட்டத்தில் சிலர் சொன்னார்கள்: "சூழலியல் கதைக்கிற நாங்களே காகிதத்தை அள்ளி வீசுறம். எல்லாத்தையும் மின்னஞ்சலுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் மாத்துவம்." நியாயமான கவலைதான். நான் முதுகலையில் சூழலியல் படிக்கிறபடியால் "கணக்குப் பாத்துச் சொல்லு" எண்டு என்னட்ட விட்டீங்கள்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். எங்கட அளவில் காபன் கணக்கு இரண்டு பக்கமும் மிகச் சிறியது. ஆனால் அந்தக் கணக்குக்குப் பின்னால் உள்ள ஆறுகள், அணைகள், தொழிற்சாலைகள், வேலை செய்கிற கைகள் சிறியவை அல்ல. அதோடு, யாருடைய கையில் ஆளி இருக்கிறது என்ற கேள்வியையும் சேர்க்காமல் இந்த முடிவை எடுக்கக் கூடாது.

முதலில் கணக்கு

ஒரு ஏ4 தாள் ஏறக்குறைய 5 கிராம். ஒரு கிலோ காகிதம் செய்ய ஏறக்குறைய ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகிறது என்பது பரவலாகப் பாவிக்கிற மதிப்பீடு. ஆலைக்கு ஆலை, மின்சாரத்துக்கு மின்சாரம் அது மாறும். ஆனால் பருமட்டுக்கு அது போதும். அப்ப 500 துண்டுப்பிரசுரம், ஒரு கட்டு, இரண்டரைக் கிலோ.

இனி மற்றப் பக்கம். ஒரு புதிய ஐபோனின் முழு ஆயுளுக்கும் சேர்த்து ஆப்பிள் நிறுவனமே தன் அறிக்கைகளில் சொல்லுகிற அளவு 60 கிலோவைச் சுற்றி வருகிறது. அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, பெட்டியை நீங்கள் திறக்க முன்னமே வெளியாகி முடிந்துவிட்டது. சுரங்கத்தில், சிப் ஆலையில், பொருத்துகிற ஆலையில். சார்ஜ் போடுகிற மின்சாரம் மிச்சத்தில் ஒரு பகுதிதான்.

60 கிலோவைத் தாளாக மாற்றிப் பாருங்கோ. 12,000 தாள், 24 கட்டு. எங்களில் ஒருவர் நல்லா இருக்கிற போனை ஒரு வருசம் முந்தி மாற்றினால் போகிற காபனை, இந்தக் கூட்டு கன காலத்துக்குத் துண்டுப்பிரசுரமாக அடிக்கலாம்.

அதுக்காக மின்னஞ்சல் கெட்டது எண்டு நான் சொல்ல வரவில்லை. எழுத்து மட்டும் உள்ள ஒரு மின்னஞ்சலின் பங்கு அற்பம். ஏற்கெனவே கையில் இருக்கிற போனில் அதை வாசிப்பதால் மேலதிகமாக ஆகிற செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இங்கதான் முதல் பாடம் இருக்கு: கருவியைச் செய்வதில்தான் சுமை, பாவிப்பதில் குறைவு. காகிதத்திலும் அப்படித்தான். ஒரே ஒரு ஆள் ஒருதரம் பார்த்து எறிகிற தாளும், நாற்பது பேர் வாசிக்கிற புத்தகமும் ஒரே கணக்கில் வராது.

இந்த எண்களை வைத்து எங்களைப் பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். 2019இல் பிரான்சில் உள்ள ஷிஃப்ட் ப்ரொஜெக்ட் என்ற ஆய்வுக் குழு, அரை மணித்தியாலம் இணையத்தில் காணொளி பார்த்தால் 1.6 கிலோ காபனீரொட்சைட்டு எண்டு சொன்னது. உலகம் முழுக்கச் செய்தி. பிறகு பார்த்தால் பிட்டையும் பைட்டையும் மாற்றிப் போட்டு எட்டு மடங்கு பிழை. அவர்களே ஒத்துக்கொண்டார்கள். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கில் ஒரு மணித்தியாலத்துக்கு உலகச் சராசரி 36 கிராம்தான் வந்தது. பிழையான எண் சுற்றிய வேகத்தில் திருத்தம் சுற்றவில்லை.

பிரித்தானியாவில் ஒரு மின்சக்திக் கம்பனி, ஒவ்வொருவரும் நாளுக்கு ஒரு "நன்றி" மின்னஞ்சலைக் குறைத்தால் வருசத்துக்கு 16,000 தொன்னுக்கு மேல் காபன் மிச்சம் எண்டு பிரச்சாரம் செய்தது. யோசித்துப் பாருங்கோ. மின்சாரம் விற்கிற கம்பனி, பழியைக் கொண்டுவந்து நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லுகிற நன்றியில் வைக்கிறது!

வங்கிகளும் இதையே செய்கின்றன. "மரங்களைக் காப்போம், காகிதமில்லாக் கணக்கறிக்கைக்கு மாறுங்கள்" எண்டு எழுதுவார்கள். மாறாதவர்களிடம் மாதக் கட்டணம் வாங்குகிற வங்கிகள் கனடாவில் பல. அவர்களுக்கு மிச்சம் முத்திரைச் செலவு. மறுபக்கம், அச்சு, காகிதத் தொழிற்துறையின் பணத்தில் இயங்குகிற டூ சைட்ஸ் என்ற அமைப்பு, காகிதம்தான் பச்சை எண்டு வாதாடுகிறது. இரண்டு பக்கமும் விற்கிற ஆட்கள். நாங்கள் இரண்டுக்கும் முகவர் ஆகத் தேவையில்லை.

காகிதத்தின் ஆறு

சரி, கிராம் கணக்கை விட்டு இடங்களுக்கு வருவம். காகிதம் என்றதும் எங்களுக்கு மரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் மரத்தைக் கூழாக்கி வெளுக்க வைக்கிற இரசாயனம்தான் கனடாவில் ஆகப் பெரிய காயத்தை உண்டாக்கியது.

ஒன்ராறியோவின் வடமேற்கில் டிரைடன் என்ற ஊர். அங்கே ரீட் பேப்பர் கம்பனியின் காகித ஆலைக்குக் குளோரினும் காஸ்டிக் சோடாவும் செய்த ஒரு தொழிற்சாலை பாதரசத்தைப் பாவித்தது. 1962 முதல் 1970 வரை ஏறக்குறைய 9,000 கிலோ பாதரசம் வாபிகூன் ஆற்றுக்குள் போனது. ஆற்றின் கீழே கிராஸி நாரோஸ் முதற்குடி மக்களின் ஊர். அவர்களுக்கு மீன்தான் சாப்பாடு, மீன்தான் தொழில். 1970இல் மீன்பிடி நிறுத்தப்பட்டது. தொழிலும் போனது, உடம்பும் கெட்டது. ஜப்பானின் மினமாட்டாவில் கண்ட அதே நோய். அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தச் சமூகம் இன்னமும் ரொறன்ரோவுக்கு வந்து ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறது.

கியூபெக்கின் கதை வேறு விதம். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வடகரையில் பே-கோமோ என்ற நகரம் 1937இல் உருவானதே சிக்காகோ ட்ரிபியூன் பத்திரிகைக்கு அச்சுத்தாள் செய்யத்தான். அமெரிக்கச் செய்தி அச்சாக இன்னு மக்களின் காடு கூழானது. பத்திரிகைகள் சுருங்க அந்த ஆலை 2020இல் நின்றது. காடு போன மக்களுக்கு முதலும் நட்டம், ஆலையை நம்பிய தொழிலாளர்களுக்குக் கடைசியில் நட்டம்.

காகிதம் என்றால் மரம்தான் என்பதும் முழு உண்மை இல்லை. எங்கட ஊரிலேயே அதுக்குச் சான்று இருக்கு. மட்டக்களப்பு மாவட்டத்தில் வாழைச்சேனைக் காகித ஆலை. 1950களில் தொடங்கியது. அதன் முக்கிய மூலப்பொருள் வைக்கோல். நெல் விளைகிற மண்ணில் மிஞ்சுகிற வைக்கோலில் பள்ளிக் கொப்பி. தமிழ்நாட்டில் கரூருக்குப் பக்கத்தில் காகிதபுரம்: 1979இல் தொடங்கிய அரசு நிறுவனம், கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிறது.

இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டு நிற்கவும் கூடாது. வைக்கோலில் சிலிக்கா அதிகம். அதனால் சமைத்த இரசாயனத்தை மீட்டெடுப்பது கடினம், கழிவு தண்ணிக்குத்தான் போகும். மரத்தை வெட்டாத காகிதமும் தண்ணியைக் கேட்கும்.

வாழைச்சேனை ஆலை போரில் நலிந்தது, நின்றது. அதை மீளத் திறக்கிற வாக்குறுதிகளைக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. 2022 மார்ச்சில் இலங்கையிடம் டொலர் இல்லை, இறக்குமதிக் காகிதம் இல்லை. மேல் மாகாணத்தில் பள்ளிப் பரீட்சைகளைத் தள்ளிப்போட்டார்கள். தி ஐலன்ட், திவயின பத்திரிகைகளின் சனிக்கிழமை அச்சுப் பதிப்பு நின்றது. வைக்கோல் கொட்டிக் கிடக்கிற நாட்டில் வினாத்தாள் அடிக்கத் தாள் இல்லை. பொருளாதாரத்தை இறக்குமதியில் கட்டிவைத்ததன் விலை அது.

திரையின் ஆறு

இப்ப எங்களில் பலர் சொல்லுகிற வாதம்: "மொன்றியலில் மின்சாரம் சுத்தம். ஹைட்ரோ-கியூபெக்கின் மின்சாரத்தில் ஏறக்குறைய 99 வீதம் நீர்மின். அப்ப இங்க இருக்கிற சேர்வர் பச்சைதானே?"

அந்த வாதத்தை நம்பித்தான் கம்பனிகள் இங்கே வருகின்றன. போஹார்னுவாவில், பழைய அலுமினிய ஆலைக் கட்டடத்தில் ஓவிஎச் தரவு நிலையம். அமேசான் 2016இல் மொன்றியலைத் தன் மேகக் கணிமை வலயம் ஆக்கியது. 2023இல் மைக்ரோசொஃப்ட் கியூபெக்கில் 50 கோடி அமெரிக்க டொலர் போடுவதாக அறிவித்தது. "மேகம்" எண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். நிற்பது நிலத்தில், குடிப்பது ஆற்றை.

எந்த ஆறு? 1971இல் முதலமைச்சர் புராசா ஜேம்ஸ் பே திட்டத்தை அறிவித்தார். அங்கே வாழ்ந்த கிறீ மக்களையும் இனுயிட் மக்களையும் முதலில் கேட்கவில்லை. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1973இல் நீதிபதி மாலூஃப் வேலையை நிறுத்தச் சொன்னார். ஒரு கிழமைக்குள் மேல்நீதிமன்றம் அந்தத் தடையைத் தூக்கியது. அணை எழும்பிக்கொண்டிருக்கும்போதே பேசி, 1975இல் உடன்படிக்கை கையெழுத்தானது.

லா கிராண்ட் ஆற்றை மறித்துக் காட்டை மூழ்கடித்தபோது, மூழ்கிய செடி கொடியும் மண்ணும் அழுகின. மண்ணில் இருந்த பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெதைல் பாதரசமாக மாற்றின. அது மீனுக்குள் ஏறியது. சிசாசிபியில் கிறீ மக்களுக்கு, தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்ட மீனை அளந்து சாப்பிடச் சொன்னார்கள். 1984இல் கனியாபிஸ்கோ ஆற்றில் ஏறக்குறைய 10,000 கரிபூ மான்கள் மூழ்கி இறந்தன.

தோழர்கள், இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கோ. காகிதம் கிராஸி நாரோசின் மீனுக்குள் பாதரசத்தைப் போட்டது. "சுத்தமான" மின்சாரம் சிசாசிபியின் மீனுக்குள் பாதரசத்தைப் போட்டது. இரண்டு தொழில்நுட்பம், வேறு வேறு காலம், ஒரே நஞ்சு, ஒரே வகை மக்கள். காபன் கணக்கை மட்டும் பார்த்தால் இந்த இரண்டு ஊரும் எங்கட அட்டவணையில் வராது. ஒரு கிராம்கூட வராது.

கிறீ மக்கள் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் இல்லை, வென்றவர்களும்தான். கிரேட் வேல் என்ற அடுத்த அணைத்திட்டம் வந்தபோது, 1990இல் அவர்களும் இனுயிட் மக்களும் ஒரு படகில் நியூயோர்க் வரை துடுப்புப் போட்டு வந்தார்கள். அந்த மின்சாரத்தை வாங்கப் போகிறவர்களின் வாசலுக்கே வந்து கேட்டார்கள். 1994இல் திட்டம் கைவிடப்பட்டது. இணையம் எங்கட வீடுகளுக்கு வர முந்தின போராட்டம் அது.

இனி உலக அளவு. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கில் 2024இல் தரவு நிலையங்கள் 415 டெராவாட் மணி மின்சாரம் பாவித்தன. உலக மின்சாரத்தில் ஏறக்குறைய 1.5 வீதம். 2030இல் அது இரண்டு மடங்கைத் தாண்டும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. அந்த வளர்ச்சிக்கு உந்துவிசை செயற்கை நுண்ணறிவு. எங்கட செய்திமடலும் அம்மம்மாவின் வட்ஸ்அப்பும் இல்லை. 2022இல் உலகம் 6.2 கோடி தொன் மின்கழிவை எறிந்தது. முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 வீதம்தான்.

கருவியைச் செய்கிற கைகளையும் பார்க்க வேணும். சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்துகிறவர்கள் பெரும்பாலும் இளம் தமிழ்ப் பெண்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில். அவர்களின் தோழிகள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் இருந்து மறியல் செய்தார்கள். பொலிஸ் பலரைப் பிடித்துக்கொண்டு போனது. ஆலை பல நாட்கள் மூடிக் கிடந்தது. எங்கட வயசுப் பெண்கள், எங்கட மொழி கதைக்கிறவர்கள். "டிஜிட்டலுக்கு எடை இல்லை" எண்டு சொல்லுகிறபோது எடை இல்லாமல் போகிறவர்கள் அவர்கள்தான்.

இந்தக் கூட்டம் நடக்கிற தெருவிலும் அந்த எடை இருக்கு. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மைல்-எக்ஸ், செயற்கை நுண்ணறிவுக் கம்பனிகள், ஆய்வு நிறுவனங்கள். 2019இல் திறந்த புதிய பல்கலைக்கழக வளாகம். இந்தப் பக்கம் பார்க்-எக்ஸ், வாடகை ஏறி வெளியேறுகிற தமிழ், வங்காள, பஞ்சாபி, கிரேக்கக் குடும்பங்கள். சூழல் தாக்கம் எண்டால் புகை மட்டும் இல்லை. யார் எங்கே இருக்க முடியும் என்பதும் அதுக்குள் வரும்.

2023 ஓகஸ்ட்

இதுவரை சொன்னதை வைத்து "இரண்டும் கெட்டது" எண்டு கையைக் கழுவலாம். அப்படி விட முடியாது. இந்த நகரத்திலேயே ஒரு பரிசோதனை நடந்து முடிந்தது.

பப்ளிசாக் நினைவிருக்கா? கிழமைக்கு ஒருதரம் கதவில் தொங்குகிற விளம்பரப் பை. பலர் திறக்காமலே மீள்சுழற்சித் தொட்டிக்குள் போட்டார்கள். சூழலியலாளர்கள் பல வருசம் போராடினார்கள். கேட்டவர்களுக்கு மட்டும்தான் போட வேணும் எண்டு மொன்றியல் நகரசபை தீர்மானித்து, 2023 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பை நின்றது. நான் அந்தப் போராட்டத்தின் பக்கம்தான். கேளாமல் வருகிற விளம்பரம் குப்பைதான்.

ஆனால் அந்தப் பைக்குள் இன்னொன்றும் போய்க்கொண்டிருந்தது. மெட்ரோ மீடியாவின் உள்ளூர் இலவசப் பத்திரிகைகள். உங்கட வட்டாரத்தில் எந்த றோட்டை மூடுகிறார்கள், நகரசபைக் கூட்டம் எப்ப எண்டு எழுதுகிற பத்திரிகைகள். பை போனதும் விநியோகம் போனது, விளம்பரம் போனது. ஓகஸ்ட் 11ஆம் திகதி அந்த நிறுவனம் இயக்கத்தை நிறுத்தியது.

"இணையத்தில் வாசிக்கலாம்தானே?" அதே மாதம் 1ஆம் திகதிதான் மெட்டா கனடாவில் செய்திகளைத் தடுக்கத் தொடங்கியது. செய்தி நிறுவனங்களுக்குக் காசு குடுக்க வேணும் எண்டு மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்துக்கு அது பதில். முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தி இணைப்புகள் மறைந்தன. அந்தக் கோடையில் காடு எரிந்து ஊர்கள் வெளியேறிக்கொண்டிருந்தன. அப்பவும் திறக்கவில்லை.

ஆக, பதினொரு நாளுக்குள் ஒரு நகரம் இரண்டு பக்கமும் இழந்தது. காகிதத்தைச் சூழலின் பெயரால் நிறுத்தினோம், ஆனால் அதோடு போன செய்திக்கு மாற்று வழி கட்டவில்லை. திரையைக் கம்பனியிடம் விட்டிருந்தோம், அவன் ஆளியை அணைத்தான். லா பிரெஸ் 2017 முடிவில் அச்சை முற்றாக நிறுத்தியும் தப்பியது. காரணம், அதுக்குச் சொந்தச் செயலியும் பல வருசத் தயாரிப்பும் பணமும் இருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு இருப்பது இன்ஸ்டாகிராம் கணக்கு ஒன்று.

தமிழருக்கு இந்தப் பாடம் புதிசு இல்லை. 1981 ஜூன் 1 விடியமுன் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. காகிதம் எரியும். 1990களின் பொருளாதாரத் தடையில் அச்சுத்தாள் போகவில்லை. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் பள்ளிக் கொப்பித் தாளிலும் அச்சடித்தன. அதே அனுபவத்தில் இருந்துதான் 2005இல் நூலகம் திட்டம் தொடங்கியது. இண்டைக்கு அதில் இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள். நான் என் ஆய்வுக்கு 1970களின் ஒரு சிறுபத்திரிகையை மொன்றியலில் இருந்தே வாசிக்கிறேன் எண்டால் அதனால்தான். ஒருதரம் வருடி வைத்த பக்கத்தை ஆயிரம் பேர் ஐந்து கண்டத்தில் வாசிக்கிறார்கள். இதைவிடக் குறைந்த காபனில் ஒரு நூலகத்தை நடத்த முடியாது. அதன் ஆளியும் எங்கட கையில் இருக்கு.

எங்கட முடிவு

ஆகவே என் முன்மொழிவுகள். வாக்கெடுப்புக்கு விடுகிறேன்.

ஒன்று. வாடகைத் துண்டுப்பிரசுரத்தைத் தொடர்ந்து அச்சடிப்போம். வாடகை உயர்வுக் கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்குள் மறுத்து எழுதாவிட்டால் ஒத்துக்கொண்டதாகத்தான் கியூபெக் சட்டம் எடுக்கும். அதைத் தமிழில் சொல்லுகிற ஒரு தாள், குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தோடு ஒரு வருசம் தொங்கும். மின்னஞ்சல் இல்லாத ஒரு அம்மம்மாவுக்கு அது 5 கிராம் காபன். அவவின் வீட்டைக் காப்பாற்றினால் அதைவிட மலிவான சூழலியல் இல்லை. ஆனால் மீள்சுழற்சித் தாளில், எண்ணி, கையில் குடுப்போம். கதவு கதவாகச் செருகிவிட்டு ஓட வேண்டாம்.

இரண்டு. செய்திமடல் மின்னஞ்சலிலேயே இருக்கட்டும். எழுத்து அதிகம், படம் குறைவு. முகவரிப் பட்டியல் எங்கட கையில் இருக்க வேணும். இன்ஸ்டாகிராமை அறிவிப்புப் பலகையாக மட்டும் பாவிப்போம், வீடாக வேண்டாம்.

மூன்று. ஒவ்வொரு வருசமும் செய்திமடலைத் தொகுத்து மூன்று பிரதி அச்சடித்து மூன்று வெவ்வேறு இடத்தில் வைப்போம். கோப்பை நூலகம் திட்டத்துக்கும் அனுப்புவோம். எரிந்தாலும் அணைத்தாலும் ஒன்று மிஞ்சும்.

நான்கு. புதுப் போன் வாங்குகிறதைத் தள்ளிப்போடுவோம். மாதம் ஒருதரம் இந்த மண்டபத்தில் திருத்தும் நாள் வைப்போம். பற்றரி மாற்றத் தெரிந்தவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

ஐந்து. "இந்த மின்னஞ்சலை அச்சடிக்காதீர்கள், மரத்தைக் காப்பாற்றுங்கள்" என்ற வரியை எங்கட மின்னஞ்சல் அடியில் போட வேண்டாம். அந்த இடத்தில் கிராஸி நாரோஸ் மக்களின் அடுத்த ஊர்வலத் திகதியையோ, ஸ்ரீபெரும்புதூர்த் தொழிலாளர்களின் கோரிக்கையையோ போடுவோம்.

காகிதம் நல்லதா திரை நல்லதா எண்டு கேட்டால், ஒவ்வொருமுறையும் மூன்று கேள்வி கேட்கப் பழகுவம். எதைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கு? எவ்வளவு காலம், எத்தனை பேர் பாவிக்கப் போறம்? யார் அதை நிறுத்த முடியும்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் முடிவு எடுக்கிறது கஷ்டம் இல்லை.

மாற்றுக் கருத்து இருக்கிறவர்கள் இப்பவே எழும்புங்கோ. வர முடியாதவர்கள் இந்தச் செய்திமடலுக்குப் பதில் எழுதுங்கோ, அடுத்த இதழில் போடுவம்.